காட்டு வாழையும் அதன் பெயரும்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும் காட்டு வாழை புதிய மரமல்ல. பால்மரக் காடு முடிந்து பெருங்காடு தொடங்கும் ஓரத்திலும், ஆற்றங்கரையிலும், புதிதாக வெட்டிய சடக்கின் மேட்டிலும் அது தானாகவே முளைத்து நிற்கும். அதை யாரும் நடுவதில்லை; யாரும் உரமிடுவதில்லை. பழம் விரலளவுதான் இருக்கும். தோலை உரித்தால் உள்ளே மிளகைப் போலக் கறுத்த விதைகள் நிறைந்திருக்கும். நாக்கில் ஒட்டும் அளவுக்குக்கூடச் சதை கிடைக்காது. ஆகவே நாம் அதை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. "அது வெறும் காட்டு வாழை" என்று சொல்லிவிட்டு அப்பால் நடந்துவிடுகிறோம்.

அந்த 'வெறும் காட்டு வாழை'யைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். அறிஞர்கள் அதற்கு மூன்று சொற்கள் கொண்ட ஒரு நீண்ட பெயரை வைத்திருக்கிறார்கள். காட்டில் கிடக்கும் ஒரு மரத்திற்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கு? அதனால் யாருக்கு என்ன பயன்? நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ரஸ்தாளிக்கும் அந்தப் பெயருக்கும் ஏதேனும் உறவு உண்டா? உண்டு என்பதே நம் விடை. அந்த உறவை அறியாமல் போனால் நாளைக்கு நம் பிள்ளைகளின் தட்டில் வாழைப்பழம் இருக்குமா என்பதே ஐயத்திற்கு உரியதாகிவிடும்.

முதலில் நாம் வழங்கும் பெயர்களைப் பார்ப்போம். ரஸ்தாளி என்று தமிழில் சொல்கிறோம். மலாய்க்காரர்களும் பீசாங் ரஸ்தாலி என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வாழை. இங்கே குழப்பமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கற்பூரவல்லி என்று விற்கும் பழத்தை இங்கே சந்தையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அவர் கடையிலேயே பீசாங் ஆவாக் என்ற பெயரில் அதன் நெருங்கிய உறவுமுறை வாழை தொங்கிக்கொண்டிருக்கும். காட்டு வாழையின் நிலை இன்னும் மோசம். பீசாங் ஹுத்தான் என்பார் ஒருவர். பீசாங் காரோக் என்பார் வேறொருவர். குரங்கு தின்பதால் பீசாங் கேரா என்பார் மற்றொருவர். மூவரும் ஒரே மரத்தைச் சொல்கிறார்களா, மூன்று மரங்களைச் சொல்கிறார்களா என்று எப்படி அறிவது?

ஊர்ப்பெயர்களில் ஒரு குறையும் இல்லை. அவை நம் பாட்டன் பூட்டன் காலத்து அறிவைச் சுமந்து வருபவை. ஆனால் அவை ஒரு வட்டாரத்தைத் தாண்டினால் தடுமாறுகின்றன. கோலாலம்பூரில் இருப்பவரும் கல்கத்தாவில் இருப்பவரும் பிரான்சில் இருப்பவரும் ஒரே மரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதி செய்துகொள்ள ஒரு பொதுப்பெயர் வேண்டும். அதற்காக ஏற்பட்டதுதான் லத்தீன் வடிவில் அமைந்த அறிவியல் பெயர்.

அந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் செடிகொடிகளின் அறிவியல் பெயர்க் கணக்குத் தொடங்குகிறது. அவர் வாழை முழுவதற்கும் 'மூசா' என்று பேரினப் பெயர் கொடுத்தார். வாழையைக் குறிக்கும் 'மௌஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்தஸின் மருத்துவர் மூசாவின் நினைவாக வந்ததென்பாரும் உண்டு. அந்த மூசாவுக்குள் 1753-இல் 'பாரடிசியாக்கா' என்றும், 1759-இல் 'சாப்பியெண்டம்' என்றும் இரண்டு வாழைகளுக்கு அவர் பெயர் சூட்டினார். முன்னது சமைத்து உண்ணும் வாழை. பின்னது பழமாக உண்ணும் வாழை. நம்முடைய ரஸ்தாளி வகையைச் சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, நேயர்களே. லின்னேயஸ் பெயரிட்ட இரண்டும் விதையில்லாத வாழைகள். மனிதன் கையால் கன்று பிரித்து நட்டு வளர்த்தவை. விதையுள்ள காட்டு வாழையை அவர் கணக்கில் கொள்ளவில்லை. பெற்றோரின் பெயரைக் கேட்காமல் பிள்ளைகளை மட்டும் பதிவேட்டில் எழுதியது போல ஆயிற்று. அதன் பிறகு, 1820-இல், இத்தாலிய நாட்டவரான கொல்லா என்பவர் விதையுள்ள இரண்டு வாழைகளுக்குப் பெயரிட்டார். ஒன்று 'மூசா அக்குமினாட்டா'. கூர்முனை உடையது என்பது பொருள். மற்றொன்று 'மூசா பல்பிசியானா'; பல்பிஸ் என்ற தாவரவியல் அறிஞரின் நினைவாக வந்த பெயர்.

பிள்ளைகளும் பெற்றோரும் இப்படித் தனித்தனியே பெயர் பெற்றார்களே ஒழிய, இவர்களுக்குள் உறவு இன்னதென்று விளங்க மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டில் பணியாற்றிய சீஸ்மன் என்ற அறிஞர் 1940-களின் பிற்பகுதியில் அதைத் தெளிவாக்கினார். நாம் உண்ணும் வாழைகளில் மிகப் பெரும்பாலானவை அக்குமினாட்டா, பல்பிசியானா ஆகிய இரண்டு காட்டு வாழைகளின் வழித்தோன்றல்களே என்று அவர் காட்டினார். சில வாழைகள் அக்குமினாட்டாவிலிருந்து மட்டும் பிறந்தவை. மற்றவை இரண்டும் கலந்து பிறந்தவை.

சரி, ஒரு வாழையைப் பார்த்து, இது எந்தப் பக்கத்து உறவு என்று எப்படிக் கண்டுகொள்வது? 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் அதற்கு ஓர் எளிய வழியை வகுத்தார்கள். வாழை மரத்தில் 15 அடையாளங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் அடையாளமும் அக்குமினாட்டாவைப் போலிருந்தால் 1 புள்ளி. பல்பிசியானாவைப் போலிருந்தால் 5 புள்ளி. நடுவில் இருந்தால் அதற்கேற்ற எண். கூட்டினால் குறைந்தது 15, மிகுந்தது 75. கூட்டுத்தொகையைப் பார்த்து உறவைச் சொல்லிவிடலாம்.

அந்த அடையாளங்களில் சிலவற்றை நம் கொல்லையிலேயே பார்க்கலாம். மாணவச் செல்வங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். முதலில் இலைக்காம்பைப் பாருங்கள். அதன் மேற்புறத்தில் ஓடும் பள்ளம் அகன்று விரிந்து, ஓரம் மெல்லிய இறக்கை போல இருந்தால் அது அக்குமினாட்டாவின் அடையாளம். இரு ஓரங்களும் உள்நோக்கி மூடிக்கொண்டு, பள்ளம் குழாய் போல இருந்தால் அது பல்பிசியானாவின் அடையாளம். அடுத்து வாழைப்பூவைப் பாருங்கள். மடல் விரிந்ததும் பாயைச் சுருட்டுவது போலப் பின்னோக்கிச் சுருண்டால் அக்குமினாட்டா. சுருளாமல் தூக்கி மட்டும் நின்றால் பல்பிசியானா. மடலின் முனை கூராக இருந்தால் முன்னது; மழுங்கி இருந்தால் பின்னது. பிஞ்சைக் கீறி உள்ளே சூல்களைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒழுங்காக இரண்டு வரிசை என்றால் முன்னது. ஒழுங்கற்று நான்கு வரிசை என்றால் பின்னது.

வாழைப்பூவை ஆய்ந்து கறி சமைக்கும் தாய்மார்கள் இந்த மடல்களை நாள்தோறும் கையால் தொட்டவர்கள். அறிஞர்கள் எண் போட்டு எழுதியதை அவர்கள் கண்ணாலேயே அறிந்திருப்பார்கள்.

அக்குமினாட்டாவுக்கு ஏ என்றும் பல்பிசியானாவுக்கு பி என்றும் எழுத்துக் கொடுத்தார்கள். காட்டு வாழையின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் எனப்படும் மரபு இழைகள் 22 இருக்கின்றன. தாய் வழி 11, தந்தை வழி 11. நம் பீசாங் மாஸ் பழமும் அப்படியே, அது ஏஏ. பீசாங் பெராங்கானில் 33 இழைகள், அது ஏஏஏ. ரஸ்தாளியிலும் 33, ஆனால் அது ஏஏபி, அதாவது இரண்டு பங்கு அக்குமினாட்டா, ஒரு பங்கு பல்பிசியானா. பீசாங் ஆவாக் ஏபிபி. இவையெல்லாம் அறிவியல் பெயர் என்னும் பதிவேட்டில் ஏறிய குடும்ப விவரங்கள்.

இதுவரை இரண்டு சொல் பெயர்களைப் பார்த்தோம். இனி மூன்றாவது சொல்லுக்கு வருவோம். நம் காட்டோர வாழையின் கதையே அங்கேதான் இருக்கிறது.

அக்குமினாட்டா மிகப் பரந்த நிலப்பகுதியில் வாழ்வது. இந்தியாவிலிருந்து பர்மா, சயாம், மலாயா, ஜாவா, போர்னியோ, பிலிப்பீன்ஸ், நியூகினி வழியாக வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. இவ்வளவு தூரம் பரவிய ஒரு குடும்பம் எங்கும் ஒரே முகத்தோடு இருக்குமா? தண்டின் நிறம், இலையின் அடியில் படியும் மெழுகு, பூமொட்டின் வடிவம், காயின் அளவு என்று இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. ஆகவே சிற்றினம் என்ற பிரிவுக்குள் துணையினம் என்ற சிறு பிரிவை வகுத்தார்கள். தோட்டம், டிவிஷன், லயம் என்று ஒருவருடைய இருப்பிடத்தைச் சொல்வோமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூசா என்பது தோட்டம். அக்குமினாட்டா என்பது டிவிஷன். மூன்றாவது சொல் லயம்.

தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலக் காடுகளில் நாம் காண்பது 'மூசா அக்குமினாட்டா துணையினம் மலாக்கென்சிஸ்'. மலாக்காவுக்குரியது என்று பொருள். அந்தப் பெயரைப் புத்தகத்தில் முழுமையாக எழுதும்போது பின்னால் "(ரிட்லி) சிம்மண்ட்ஸ்" என்று சேர்ப்பார்கள். இந்த அடைப்புக்குறியைச் சற்றுக் கவனியுங்கள். அதற்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

ரிட்லி யார்? பால்மரம் வெட்டிய குடும்பங்கள் அறிய வேண்டிய பெயர் அது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று வந்தவர். ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லச் சீவி, மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையை வகுத்தவர். ரப்பரை நடுங்கள் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலிப்பெயர் பெற்றவர். நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இங்கு வந்ததற்கும் அவருடைய அந்தப் 'பைத்தியத்'திற்கும் தொடர்பு உண்டு. அதே ரிட்லிதான் மலாயாக் காடுகளில் அலைந்து, 1893-இல், நம் காட்டு வாழைக்கு 'மூசா மலாக்கென்சிஸ்' என்று பெயரிட்டார். அவர் அதைத் தனிச் சிற்றினமாகவே கருதினார்.

சிம்மண்ட்ஸ் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் வாழை திரட்டும் பயணம் மேற்கொண்டார். பல நாட்டுக் காட்டு வாழைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மலாக்கென்சிஸ் தனிக் குடும்பமன்று, அக்குமினாட்டா என்ற பெருங்குடும்பத்தின் ஒரு கிளையே என்று முடிவு செய்தார். ஆகவே அதைத் துணையினமாக மாற்றினார். ஆனால் ரிட்லி வைத்த சொல்லை அவர் அழிக்கவில்லை. முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள்ளும், இடம் மாற்றியவரை வெளியிலும் எழுதுவது தாவரப் பெயரிடலின் சட்டம். முன்னவர் உழைப்பை மறக்கக் கூடாது என்பதோடு, பெயர் எவ்வழியே வந்தது என்று பின்னால் வருபவர் தேடிப் பார்க்கவும் அது உதவுகிறது.

மற்றக் கிளைகளையும் கேளுங்கள். பர்மாவில் வாழ்வது 'பர்மானிக்கா'. சயாமில் வாழ்வது 'சியாமியா'. போர்னியோவில் வாழ்வது 'மைக்ரோகார்ப்பா', அதாவது சிறுகாய் உடையது. பிலிப்பீன்ஸில் 'எர்ரன்ஸ்'. ஜாவாவில் 'செப்ரினா', அதன் இலையில் செந்நிறத் திட்டுகள் இருப்பதால் அழகுக்காக வீட்டு முற்றங்களில் வளர்க்கிறார்கள். நியூகினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் 'பாங்க்சியை'. நம் நாட்டிலேயே இன்னொரு கிளையும் உண்டு. கேமரன் மலை, கெந்திங் மலை முதலிய குளிர்ந்த உயரங்களில் வளர்வது 'ட்ரங்காட்டா'. முனை வெட்டுண்டது போன்றது என்பது அதன் பொருள். இதற்கும் முதலில் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டவர் ரிட்லியே. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் காண்பது பெரும்பாலும் இந்த மலைநாட்டுக் கிளையைத்தான்.

காட்டில் விதையோடு நிற்பதெல்லாம் அக்குமினாட்டா என்றும் எண்ணிவிடக் கூடாது. அக்குமினாட்டாவின் பூ தலைகீழாகத் தொங்கும். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தம் சுமந்து செல்லும். டுரியான் பூவுக்கு வரும் குகை வௌவால்தான் இதற்கும் வருகிறது. ஆனால் பூ நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும் சிறு வாழைகளும் இங்கு உண்டு. ரிட்லி பெயரிட்ட 'மூசா வயலாசென்ஸ்' ஒன்று. ஜொகூர்ப் பக்கத்தில் காணப்படும் 'மூசா கிராசிலிஸ்' மற்றொன்று. அவற்றை நாடி வருபவை தேன்சிட்டுகளும் சிலந்திபிடிப்பான் குருவிகளும். இவற்றில் குரோமோசோம்கள் 22 அல்ல, 20. இவை வேறு சிற்றினங்கள். பூ தொங்குகிறதா, நிமிர்கிறதா என்ற ஒரே ஒரு பார்வையில் இவ்வளவு பெரிய வேற்றுமையை அறிந்துகொள்ளலாம்.

எத்தனை துணையினம் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமுகமான முடிவு இல்லை. ஆறு என்பார் உண்டு. ஒன்பது என்பார் உண்டு. அப்படியானால் இது வெறும் புத்தகச் சண்டைதானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. துணையினம் என்ற பிரிவு இயற்கையிலேயே இருக்கிறது என்பதற்குச் சான்று மரத்துக்குள் இருக்கிறது.

ஒரே பாடநூலை இரண்டு அச்சகங்கள் அச்சிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் மூன்றாம் பாடத்தின் பாதி கழன்று ஏழாம் பாடத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. சொற்கள் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அடுக்கு மாறிவிட்டது. இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தால் தடுமாறத்தானே செய்யும்? வாழையின் துணையினங்களுக்குள்ளும் இதுதான் நடந்திருக்கிறது. குரோமோசோம்களின் துண்டுகள் ஓரிடத்திலிருந்து கழன்று வேறிடத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒரே துணையினத்தில் தாயும் தந்தையும் கூடினால் விதை நிறையப் பிடிக்கும். வேறு வேறு துணையினங்கள் கூடினால் பிள்ளை பிறக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விதை பிடிக்கும் ஆற்றல் குன்றிவிடும்.

விதை குன்றிய வாழை காட்டுக்கு நட்டம்; மனிதனுக்கு லாபம். நியூகினியின் கூக் என்ற சதுப்பு நிலத்தில் 6,500 ஆண்டுகளுக்கும் முன்னரே மக்கள் வாழை பயிரிட்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. அக்காலத்து மக்கள் நல்ல கன்றுகளைப் பெயர்த்துக் கையோடு தீவுக்குத் தீவு கொண்டுபோனார்கள். ஒரு நாட்டுத் துணையினம் வேறொரு நாட்டுத் துணையினத்தின் பக்கத்தில் நின்றது. இரண்டும் கூடிப் பிறந்த பிள்ளைகளில் விதை குறைந்தது. மகரந்தம் சேராமலேயே சதைப்பற்றும் தன்மை கொண்டவற்றை மக்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கன்று பிரித்து நட்டார்கள். இப்படித்தான் உண்ணும் வாழை பிறந்தது. பாங்க்சியை, செப்ரினா, மலாக்கென்சிஸ் முதலிய கிளைகளின் பங்கு இன்றைய பழங்களில் கலந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் 'வெறும் காட்டு வாழை' நாம் உண்ணும் பழத்தின் பாட்டன்மாரில் ஒருவர், நேயர்களே.

இனி, பெயர் அறிவதன் பயனைப் பார்ப்போம். விதையில்லாத வாழையைக் கன்று பிரித்தே நடுகிறோம். ஆகவே ஒரு தோப்பில் உள்ள மரமெல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றுக்குத் தாங்க முடியாத நோய் எல்லாவற்றுக்கும் தாங்க முடியாத நோய். குரோ மிஷேல் என்ற வாழை ஒரு காலத்தில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது. மலாய் மொழியில் பீசாங் எம்பூன் என்பார்கள். பனாமா நோய் எனப்படும் வாடல் நோய் அதைத் தாக்கியது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம் வேர் வழியாக ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். அடியிலைகள் முதலில் மஞ்சளாகித் தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். அதற்கு மருந்து இல்லை. 1960-களில் குரோ மிஷேல் ஏற்றுமதிச் சந்தையை விட்டே போயிற்று. அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது.

கேவண்டிஷும் தப்பவில்லை. அதே நோயின் புதிய வகை ஒன்று கிளம்பியது. நான்காம் வெப்பமண்டல வகை என்று அதைச் சொல்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் ஏற்றுமதிக்காகப் போட்ட கேவண்டிஷ் தோட்டங்களை அது பாழாக்கியது. 2013-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் அது இருப்பது தெரியவந்தது. 2019-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் உறுதியானது. நம் பெராங்கானும் அதற்குத் தப்புவதில்லை. பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு காலம் உறங்கிக் கிடக்கும். அந்த நிலத்தில் மீண்டும் வாழை நட்டால் எழுந்து தாக்கும்.

அந்த நோய் மண்டிய இடத்திலும் சாகாமல் நிற்கும் வாழை எது என்று உலகம் தேடியது. தேடியவர்களுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று மலாக்கென்சிஸ். 'பகாங்' என்ற பெயரால் ஆய்வுநிலையங்களில் வளர்க்கப்படும் ஒரு மலாக்கென்சிஸ் வாழை அந்த நோயைத் தாங்குகிறது. 2012-இல் உலகிலேயே முதன்முதலாக ஒரு வாழையின் மரபுக் குறிப்பு முழுவதையும் பிரெஞ்சு அறிஞர்கள் தலைமையில் படித்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது கடைவீதிப் பழத்தையல்ல, அந்தப் பகாங் வாழையின் வழிவந்த செடியைத்தான். 36,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை அதில் கண்டார்கள். நம் மாநிலம் ஒன்றின் பெயர் இன்று உலக வாழை ஆய்வு முழுவதிலும் புழங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜேம்ஸ் டேல் என்பவரின் குழுவினர் மலாக்கென்சிஸிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்து, அது நோயைத் தாங்குவதை 2017-இல் வெளியிட்டார்கள். 2024-இல் அந்த வாழையை வளர்க்கவும் உண்ணவும் ஆஸ்திரேலிய அரசு அனுமதி அளித்தது. இப்படி மரபணு மாற்றிய பயிர் வேண்டுமா வேண்டாமா என்பது தனியே பேச வேண்டிய பொருள். இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து சென்ற 'கல்கத்தா 4' என்ற காட்டு வாழை இலைப்புள்ளி நோயைத் தாங்குவதால், ஆப்பிரிக்காவில் புதிய வாழைகளை உருவாக்கப் பெற்றோராகப் பயன்பட்டது. எந்த வழியை எடுத்தாலும், கைநீட்டிக் கேட்க வேண்டிய இடம் காட்டு வாழைதான்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மலாக்கென்சிஸ் எல்லாமே நோயைத் தாங்கும் என்பதல்ல. விதையில் பிறப்பதால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல அவை வேறுபடும். ஒரே தாரின் விதைகளில் முளைத்த கன்றுகளில் சில நோயில் சாகின்றன, சில நிற்கின்றன. ஆகவே துணையினத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தக் காட்டில், எந்த உயரத்தில், எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும். பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில் உலக வாழைச் சேமிப்பகம் ஒன்று 1985 முதல் இயங்குகிறது. அங்கே 1,500-க்கும் மேற்பட்ட வாழைகளைக் கண்ணாடிக் குழாய்களில் உயிரோடு காத்து வருகிறார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண், ஒரு பெயர், ஓர் ஊர். பெயர்ச்சீட்டு விழுந்துபோன குழாய் எதற்குப் பயன்படும்?

நம் காடுகளிலோ அந்தக் காட்டு வாழைகள் சீட்டும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல் குறைகின்றன. காடு செம்பனையாகிறது, செம்பனை வீடமைப்பாகிறது. ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த வாழை, பெயர் பெறுவதற்கு முன்னமே போய்விடக்கூடும். பெயர் பெறாமல் போனதை யாரும் தேடவும் மாட்டார்கள்.

இதில் தோட்டக் குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன? முதலாவது, காட்டோர வாழையைக் காரணமின்றி வெட்டித் தள்ளாதிருப்பது. இரண்டாவது, பார்த்து எழுதிவைப்பது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் இவற்றை எழுதலாம்: இடம், நாள், தாழ்நிலமா மலையா, தண்டின் நிறம், இலையடியில் வெண்மெழுகு உண்டா, பூ தொங்குகிறதா, நிமிர்கிறதா, மடலின் உட்புற, வெளிப்புற நிறம், மடல் சுருள்கிறதா, காயின் நீளம், ஊரார் வழங்கும் பெயர். இந்தக் கடைசிக் குறிப்பை மறக்க வேண்டாம். முதியவர்கள் சொல்லும் பெயர் அவர்களோடு போய்விடக் கூடாது. ஒரு படமும் எடுத்து வைத்தால் நன்று. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்திலும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திலும் உலர்ந்த செடிகளைப் பெயரோடு காத்துவைக்கும் நிலையங்கள் உள்ளன. ஆசிரியர்கள் வழியாக அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது, எச்சரிக்கை. வாடிய வாழையின் பக்கக்கன்றை எடுத்து நடாதீர்கள்; உறவினருக்கும் கொடுக்காதீர்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியையும் காலணியையும் நன்றாகக் கழுவாமல் வேறு கொல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள். காட்டு வாழையைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். கண்ணாலும் குறிப்பேட்டாலும் கொண்டுவாருங்கள், மண்ணோடு பெயர்த்து வராதீர்கள்.

நேயர்களே, நாம் பெயர் வைப்பது மதிப்பவற்றுக்கே. வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் கட்டிவைத்த பசுவுக்கும் பெயர் வைத்து அழைக்கிறோம். பெயரில்லாததைத் தொலைப்பது எளிது. மூசா அக்குமினாட்டா மலாக்கென்சிஸ் என்ற நீண்ட பெயர் நாவில் புரளாவிட்டாலும் பரவாயில்லை. நம் காட்டோரத்தில் நிற்பது இன்ன இனம், இன்ன கிளை, அதற்கு உலகத்தில் உறவினர் உண்டு, அதனிடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது என்ற அளவில் அறிந்துகொண்டாலே போதும். "வெறும் காட்டு வாழை" என்று இனிச் சொல்ல நமக்கு மனம் வராது.